பழவேற்காட்டு முகத்துவாரம்: தறிக்கும் காயலுக்கும் பொதுவான ஒரு வாசல்

சம்புவராயர்களின் தலைநகராக விளங்கிய படவேட்டுக்கு அருகில், ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள சந்தவாசலிலிருந்து பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி வரையிலான வட்டாரம் கடலைப் பார்த்ததில்லை எனினும், தொண்டை மண்டலத்து உள்நாட்டு நெசவின் வரலாற்றைக் கடற்கரையை விட்டுவிட்டு எழுத இயலாது. தறியில் இறங்கிய துணி கடல் கடப்பதற்குத் துறை வேண்டும். அத்தகைய துறைகளுள் 17ஆம் நூற்றாண்டில் முதன்மை பெற்றிருந்தது, இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள பழவேற்காடு. அந்தக் காயலில் வந்து சேரும் ஆரணியாறும் ஆரணி நகரமும் பெயரால் மட்டுமே ஒன்றுபட்டவை. ஆரணி நகரை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதி செய்யாற்றில் கலந்து, பாலாற்றின் வழியாக, டச்சுக்காரர் மற்றொரு கோட்டை கட்டிய சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே கடலை அடைகிறது.

காயல் என்பது கடலிலிருந்து மணல்திட்டு ஒன்றால் பிரிக்கப்பட்டு, முகத்துவாரம் எனப்படும் குறுகிய திறப்பின் வழியாக அதனோடு தொடர்புகொண்டிருக்கும் உவர்நீர்ப் பரப்பு. இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய காயலான பழவேற்காட்டின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் அமைய, ஸ்ரீஹரிகோட்டா தீவு அதற்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீளமான கரையாகக் கிடக்கிறது. பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட, சிறு படகுகள் முகத்துவாரத்தைக் கடந்து சரக்கை ஏற்றி இறக்கின. ஆகவே அந்தத் திறப்பு துறைமுகத்தின் வாசலாகவும் இருந்தது.

போர்த்துக்கீசியர் முன்பே குடியேறியிருந்த இவ்விடத்தில் வணிகம் செய்ய, விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதியின் அரசிடமிருந்து டச்சுக்காரர் 1610இல் உரிமை பெற்றனர். 1612இல் போர்த்துக்கீசியர் அவர்களுடைய பண்டகசாலையைத் தாக்கி அழித்ததை அடுத்து, 1613இல் டச்சுக்காரரின் கெல்டிரியா கோட்டை எழுந்தது. கிழக்கிந்தியத் தீவுகளில் மிளகு, கிராம்பு, சாதிக்காய் ஆகியவற்றைக் கொள்முதல் செய்ய வெள்ளியைவிடச் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியே பயன்பட்டதால், உள்நாட்டு நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்துத் துணி சேர்க்கும் ஏற்பாட்டை டச்சுக்காரர் உள்ளூர் வணிகர்களின் துணையுடன் நடத்தினர். அச்சுதப்ப செட்டியும் அவர் தம்பி சின்னண்ண செட்டியும் அவ்வணிகர்களுள் புகழ்பெற்றவர்கள். மலாய் மக்கள் கட்டமிட்ட கைலியை இன்றும் ‘கைன் பெலிகாட்’ என்று அழைப்பது பழவேற்காட்டின் ஐரோப்பிய வழக்குப் பெயரான புலிகாட்டிலிருந்து வந்ததே. அதே துறையிலிருந்து பஞ்சத்தாலும் போராலும் விற்கப்பட்ட மனிதர்களும் அடிமைகளாகக் கிழக்கிந்தியத் தீவுகளில் இருந்த பத்தாவியாவுக்கு அனுப்பப்பட்டனர் என்பதையும் இவ்வரலாறு மறைத்துவிடக் கூடாது.

1690இல் டச்சுத் தலைமையகம் நாகப்பட்டினத்துக்கு மாறியபின் பழவேற்காட்டின் செல்வாக்குக் குறைந்தது. 1824ஆம் ஆண்டு ஆங்கில-டச்சு உடன்படிக்கையின்படி அடுத்த ஆண்டில் அது ஆங்கிலேயரிடம் சென்றது. கோட்டை இன்று மேடாகவும் அகழியின் எச்சமாகவும் சுருங்கிவிட, 1656 என்று ஆண்டு பொறித்த வாயிலைக் கொண்ட டச்சுக் கல்லறைத் தோட்டமே இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது. அவ்வாயிலின் இருபுறமும் செதுக்கப்பட்ட எலும்புக்கூடுகளில் ஒன்று மணற்கடிகையைத் தாங்கியிருக்க, மற்றொன்றின் அருகே தூணொன்றின் மேல் மண்டையோடு இருக்கிறது. காலமும் மரணமும் யாருக்கும் விலக்களிப்பதில்லை என்பது அச்சிற்பத்தின் பொருள்.

கல்லறை பேசும் வரலாறு இவ்வளவு என்றால், நீர் பேசும் வரலாறு அதைவிட நெடியது. காயலின் தென்பகுதியில் பட்டினவர் எனப்படும் மீனவச் சமூகத்தார் ‘பாடு’ என்னும் முறையை நெடுங்காலமாகப் பின்பற்றி வந்துள்ளனர். இறால் கிடைக்கும் நீர்ப்பகுதிகளை இன்னின்ன நாளில் இன்னின்னார் பிடிக்கலாம் என்று முறைவைத்துப் பங்கிடுவதே பாடு. தலைக்கட்டு எனப்படும் மணமான ஆண் உறுப்பினர்கள் இதில் பங்கு பெறுவர். நல்ல இடம் ஒருவரிடமே நிலைத்துவிடாமல் சுழல்வதால் பங்கீட்டில் நியாயமும், யார் எங்கே வலை வைக்கலாம் என்பதற்கு வரையறையும் இருந்தன. அரசு சட்டம் இயற்றும் முன்னரே மக்கள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட பாதுகாப்பு அது.

அந்த இறாலும் முகத்துவாரத்தை நம்பியே வாழ்கிறது. கடலில் பொரித்த குஞ்சுகள் திறப்பின் வழியே காயலுக்குள் வந்து வளர்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுநீர் கலந்து உப்பு குறைவதும், கோடையில் அது ஏறுவதும், கடல்நீர் வந்து போவதும் சேர்ந்தே அங்குள்ள உயிர்களை நிலைநிறுத்துகின்றன. தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுநீரை வடிகட்டி உண்ணும் பூநாரைகள் குளிர்காலத்தில் திரள்வதும் ஆழமில்லாத இந்நீரின் வளத்தால்தான். மணல் சேர்ந்து வாய் அடைபட்டால் நீரோட்டம் தேங்கி, மீன்வளமும் பறவைவளமும் ஒருங்கே நலிகின்றன. சென்னைக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலை வடக்கு நோக்கி நகர்த்துவதால், அலைதடுப்புச் சுவர்களின் தெற்கே கரை வளரவும் வடக்கே அரிபடவும் செய்கிறது. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபின் மெரினா அகன்றதும் இராயபுரம் அரிபட்டதும் இதற்குச் சான்று. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் எழுந்தபின் பழவேற்காட்டு மீனவர் கொள்ளும் அச்சம் இந்த அடிப்படையில் எழுவதே.

பாதுகாப்புச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. தமிழகப் பகுதியில் 153.67 சதுர கிலோமீட்டர் பரப்பு 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்துடன் கூடிய தொல்லியல் சட்டம் நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானத்தைத் தடைசெய்து, அதற்கப்பால் 200 மீட்டருக்கு ஒழுங்குபடுத்துகிறது. 1991 முதல் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைகளும் நடைமுறையில் உள்ளன. ஆயினும் கல்லறை ஒரு துறையிடமும், பறவை வேறொரு துறையிடமும், மீன் மற்றொன்றிடமும் பிரிந்து கிடக்க, மூன்றையும் ஆக்கிய முகத்துவாரம் எவருடைய முதற்பொறுப்பாகவும் இல்லை. உள்நாட்டுத் துணியைக் கடலுக்கு அனுப்பியதும் கடலின் குஞ்சுகளைக் காயலுக்கு அழைத்ததும் ஒரே வாசல்தான்; அதைத் திறந்து வைப்பதையும் அதனருகே வாழ்வோரின் பாட்டு உரிமையைக் காப்பதையும் தலையாய கடமையாகக் கொள்ளாத எந்தத் திட்டமும் பழவேற்காட்டைக் காத்ததாகாது.