ஆடிக்கு எட்டாத ஒலி: டெஞ்ச் ஒலியாடிகளின் எல்லை குறித்து

இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில் டெஞ்ச் என்னுமிடத்தில் 1928க்கும் 1930க்கும் இடையில் எழுப்பப்பட்ட மூன்று கான்கிரீட் ஒலியாடிகள் இன்றும் நிற்கின்றன. கடலுக்கு அப்பாலிருந்து வரும் விமானத்தின் இரைச்சலைக் குவித்து, முன்கூட்டியே எச்சரிப்பது அவற்றின் வேலை. விமானங்களின் வேகம் கூடியதும் ரேடார் வந்ததுமே அவற்றை வீழ்த்தின என்பது வழக்கமான விளக்கம். இந்த விளக்கம் போதாது. விமானங்கள் வேகம் பெறாமலே இருந்திருந்தாலும், ரேடார் பிறக்காமலே போயிருந்தாலும், இந்த ஆடிகளை முழுமையாக நம்பியிருக்க முடியாது. அவற்றின் எல்லையை வகுத்தது இடையிலிருந்த காற்று.

பொறியியலில் குறை இல்லை என்பதை முதலில் நிறுவ வேண்டும். இப்பணிக்குத் தலைமை ஏற்ற வில்லியம் டக்கர், முதல் உலகப் போரில் பகைவரின் பீரங்கிகளை ஒலியால் இடங்காண உதவிய வெப்பக்கம்பி ஒலிவாங்கியை உருவாக்கியவர். அவர் எதிர்கொண்ட சிக்கல் இது: தொலைவில் எஞ்சுவது தாழ்ந்த அதிர்வெண் ஒலியே. 1000 ஹெர்ட்ஸ் ஒலியில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 டெசிபலைக் காற்றே உட்கவர்ந்துவிடுகிறது. 30 கிலோமீட்டரில் அது 150 டெசிபல், அதாவது முற்றான மறைவு. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த இழப்பு கிலோமீட்டருக்கு அரை டெசிபலைக்கூடத் தொடுவதில்லை. நிமிடத்துக்கு 1500 முறை சுழலும் இரண்டு இதழ்ச் சுழலி 50 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பும். அதன் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். 20 அடி அகலமுள்ள முதல் ஆடி அந்த ஓர் அலைநீளத்துக்கும் சற்றுக் குறைவானது என்பதால் அதனால் இந்த ஒலியைக் கூர்மையாகக் குவிக்க இயலாது. மூன்று ஆடிகளில் பெரியதான 200 அடி நீளச் சுவர் இந்தத் தருக்கத்தின் நேரான விளைவு. நல்ல நாட்களில் அது 30 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் ஒலியையும் பிடித்தது.

நல்ல நாட்களில் என்பதுதான் சிக்கல். ஒலியின் வேகம் ஒரு பாகை செல்சியஸுக்கு நொடிக்கு 0.6 மீட்டர் மாறும். உயரே செல்லச் செல்லக் காற்று குளிர்வதால், ஒலிக்கதிர் மேல்நோக்கி வளைகிறது. கிலோமீட்டருக்கு 6.5 பாகை என்ற வழக்கமான குளிர்வைக் கொண்டு கணக்கிட்டால், வளைவின் ஆரம் சுமார் 85 கிலோமீட்டர். அப்படியானால் 1000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் நேரடி ஒலி, ஏறத்தாழ 13 கிலோமீட்டருக்கு அப்பால் தரையைத் தொடுவதே இல்லை. காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசி, உயரத்தோடு வலுத்தால் நிலைமை இன்னும் மோசம்: கிலோமீட்டருக்கு நொடிக்கு 10 மீட்டர் கூடும் காற்றில் அந்த எல்லை 7 கிலோமீட்டராகச் சுருங்கும். குளிர்ந்த கடல்மேல் வெதுவெதுப்பான காற்று படியும் நாளிலோ ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தொலைவு வரும். ஆனால் ஒலி மேல்நோக்கி வளைந்து தரையைத் தொடாத நிழற்பகுதிக்குள் ஆடியை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் பயன் மிகக் குறைவு. வந்து சேராத ஒலியை எது குவிக்கும்?

இது அக்காலத்தவர் அறியாத செய்தியும் அன்று. 1873இல் அதே கென்ட் கரையில், சவுத் ஃபோர்லேண்டில், மூடுபனிக் குழல்களைச் சோதித்த ஜான் டிண்டல், ஒரே குழல் ஒருநாள் வெகுதொலைவுக்கும் மறுநாள் சிறு தொலைவுக்கும் கேட்பதைக் கண்டார். காரணத்தை அவர் காற்றுத் திரள்களில் தேடினாலும், ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் அதே பத்தாண்டில் ஒலி இப்படி வளையும் ஒலிவிலகலைத் தெளிவாக்கிவிட்டார். ஆகவே டெஞ்சின் பெருஞ்சுவர், ஏற்கெனவே அறிந்த இயற்பியல் தடையைப் பரப்பளவால் வெல்ல எடுத்த முயற்சி என்றே நான் மதிப்பிடுகிறேன்.

வேகத்தின் பங்கையும் மறுப்பதற்கில்லை. 32 கிலோமீட்டரைக் கடக்க ஒலிக்கு ஒன்றரை நிமிடம் ஆகும். மணிக்கு 160 கிலோமீட்டரில் வரும் விமானம் என்றால் பத்து நிமிடத்துக்கு மேல் மிஞ்சும். 400 என்றால் மூன்றே நிமிடம். ஆயினும் அந்த மூன்று நிமிடமும் ஒலி வந்து சேரும் நாளுக்குரியது. 1935 பிப்ரவரி 26 அன்று டேவென்ட்ரி அருகே ரேடாருக்காக ராபர்ட் வாட்சன்-வாட் சோதித்த வானொலி அலை இதே 32 கிலோமீட்டரை நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கில் கடக்கும். அதைவிட முக்கியம், ஒலியை மேலே திருப்பிவிடும் அதே வழக்கமான காற்றடுக்குகள் வானொலி அலையைச் சற்றே தரை நோக்கி வளைக்கின்றன.