கல் கிடைத்தது, எலும்பு கிடைக்கவில்லை

விடுமுறைக்குத் தென்மாவட்டங்களுக்குச் செல்லும் நம்மவர், எழும்பூரில் இரயிலேறிய சிறிது நேரத்துக்கெல்லாம் பல்லாவரத்தைக் கடப்பர். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி தொடங்கிய ஊர் அது என்பதை நினைப்பவர் சிலரே. 1863 மே 30 அன்று, நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் பூட் என்ற ஆங்கிலேயர், அங்கே சரளைக் கற்களிடையே மனிதக் கை செதுக்கிய கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பாரும் கொற்றலையாற்றின் அருகே அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர்.

அவற்றின் வயதைக் கணிக்க அக்காலத்தில் வழியில்லை. பின்னர் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் அத்திரம்பாக்கத்தில் பல்லாண்டுகள் அகழ்ந்தனர். வெளியே கிடக்கும் கல்லில் விண்கதிர்கள் பட்டுச் சில அரிய அணுக்கள் உண்டாகின்றன. கல் மண்ணில் புதைந்தபின் அவை வெவ்வேறு வேகத்தில் சிதைகின்றன. எஞ்சியவற்றை அளந்தால் புதைந்த காலம் விளங்கும். இம்முறையால் அங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-இல் வெளியிட்டனர். மேலடுக்கில், சிறு செதில்களைத் திட்டமிட்டுப் பெயர்த்துச் செய்த கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டன என்பது 2018-இல் வெளியான முடிவு.

இவற்றைத் தமிழரின் தொன்மைக்குச் சான்றாக மேடையில் முழங்கும் அன்பர்கள் நம்மிடையே உளர். அவர்தம் ஆர்வத்தை மதிக்கிறோம்; முடிவை ஏற்பதற்கில்லை. நம் மனித இனத்துக்குரியனவாகக் கருதப்படும் மிகப் பழைய எலும்புகள், மொராக்கோ நாட்டு ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை. அவற்றின் வயதே சுமார் 3 இலட்சம் ஆண்டுகள்தாம். இன்றைய மக்களின் முன்னோருள் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டது அதற்கும் நெடுங்காலம் பின்னர். ஆகவே, குடிபெயர்ந்து வந்தவர் என்று இந்நகரத்தார் நம்மைச் சொன்னால் நாம் வருந்த வேண்டியதில்லை. சொல்பவரும் அவ்வாறு வந்தவரே!

அக்கருவிகளைச் செய்தவர் யாவர்? அத்திரம்பாக்கத்தில் விலங்குகளின் பற்கள் சிலவும் குளம்புத் தடங்களும் கிடைத்தன; மனித எலும்பு ஒன்றும் கிடைக்கவில்லை. வெப்பமும் மழையும் மாறிமாறி வரும் மண்ணில் எலும்பு நிலைப்பது அரிது. இந்திய நாடு முழுவதும் தேடியும், அத்தொல்பழங்கால மனிதனின் மண்டையோடு என்று காட்டத்தக்கது நருமதைக் கரையில் ஹத்னோராவில் கிடைத்த ஒன்றே. 1982-இல் அருண் சோனாகியா கண்டெடுத்தார். அதுவும் முழு ஓடன்று. வலப்பாதியே பெரும்பாலும் எஞ்சியுள்ளது. அது எவ்வினத்தைச் சார்ந்தது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை.