கண்ணைப் பறித்த பிராணவாயு



இன்று ஒரு விழித்திரை மருத்துவரைப் பற்றி எழுதுகிறேன். சற்று நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். பெயர் அர்னால் பாட்ஸ். 1920-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் எல்பர்ட்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர்.

1942-இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர் தியோடர் டெரி ஒரு புதிய நோயைப் பதிவு செய்தார். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் கண்ணில், லென்ஸுக்குப் பின்னால் வெள்ளைச் சவ்வு படர்ந்து பார்வை போய்விடுகிறது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சுமார் 10,000 குழந்தைகள் இப்படிக் கண்ணிழந்தன. 1950-இல் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டரும் அவர்களில் ஒருவர். ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். விந்தை என்னவென்றால், நல்ல வசதி உள்ள மருத்துவமனைகளில்தான் இது அதிகமாக இருந்தது!

வாஷிங்டனில் கேலிங்கர் மருத்துவமனையில் பயிற்சியில் இருந்த பாட்ஸுக்கு இன்குபேட்டருக்குள் செலுத்தும் ஆக்சிஜன் மேல் சந்தேகம் வந்தது. இதே சந்தேகம் ஆஸ்திரேலியாவில் கேட் கேம்ப்பெல் என்ற பெண் மருத்துவருக்கும் வந்தது. ஆனால் சந்தேகப்பட்டால் போதுமா? சோதித்துப் பார்க்க வேண்டாமா? பாட்ஸ் அரசிடம் நிதி கேட்டார். ஆக்சிஜனைக் குறைத்தால் குழந்தை செத்துவிடும், இது தர்மமல்ல என்று மறுத்துவிட்டார்கள். உடன்பிறந்தவரிடம் கடன் வாங்கி ஆய்வைத் தொடங்கினார். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு வழக்கம்போல் 65, 70 சதவீத ஆக்சிஜன். மறு பிரிவுக்கு 40 சதவீதத்துக்குள், அதுவும் தேவைப்பட்டால் மட்டும்.

இதில் ஒரு சிக்கல். இரவுப் பணி செவிலியர் சிலர், பிஞ்சு உயிர் மூச்சுத் திணறிப் போகுமே என்று பயந்து, மருத்துவர் வீட்டுக்குப் போனதும் ஆக்சிஜனைக் கூட்டி வைத்துவிடுவார்களாம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் நம் வீட்டுப் பெண்கள் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

இருந்தும் முடிவு தெளிவாக வந்தது. ஆக்சிஜன் அதிகம் பெற்ற குழந்தைகளுக்கே கடுமையான பாதிப்பு. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் தாய் வயிற்றில் கடைசி மாதத்தில்தான் முழுதாக வளர்ந்து முடிகின்றன. மிகுந்த ஆக்சிஜன் அந்த வளர்ச்சியை நிறுத்திவிடும். பிறகு தாறுமாறாகக் குழாய்கள் கிளைத்து, கசிந்து, தழும்பாகி விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடும். 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வும் இதை உறுதி செய்தது. 1956-இல் பாட்ஸுக்கு லாஸ்கர் விருது. அதைக் கையில் கொடுத்தவர் ஹெலன் கெல்லர்.

கதை இத்துடன் சுபமாக முடியவில்லை. பயந்துபோன மருத்துவர்கள் ஆக்சிஜனை அளவுக்கு மீறிக் குறைத்தார்கள். கண் தப்பியது, சில குழந்தைகளின் உயிர் போயிற்று. அந்தச் சரியான அளவைத் தேடும் வேலை இன்றும் நடக்கிறது. எனவே பேரன் பேத்தி எடுத்தவர்கள் கவனியுங்கள்: 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நம் நாட்டு மருத்துவ வழிகாட்டுதல். குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று தள்ளிப் போடாதீர்கள்.

பாட்ஸ் பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வில்மர் கண் மருத்துவ நிலையத்துக்கு இயக்குநரானார். சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைத் தடுக்கும் லேசர் சிகிச்சையை வளர்த்தவர்களில் அவரும் ஒருவர். 2010-இல் மறைந்தார். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைக் காப்பாற்றவும் இன்று மருத்துவர்கள் லேசரைப் பயன்படுத்துகிறார்கள்.