பதினாறும் பெற்ற வீடுகள்

"பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என மணமக்களை வாழ்த்துவது தமிழர் மரபு. பதினாறு என்பது கல்வி, புகழ், வலிமை, வெற்றி, நோயின்மை, நீண்ட ஆயுள் முதலான பேறுகளின் தொகை என்று பெரியோர் பொருள் கூறுவர். மக்கட்பேறும் அவற்றுள் ஒன்றாக அடங்கும். எனினும் தம் குடும்பத்தின் பழைய வரலாற்றை ஆராயப் புகுவோர், அவ்வாழ்த்து எழுத்துக்கு எழுத்து பலித்துவிட்டதோ என்று எண்ணத்தக்க வீடுகளைக் காண நேர்கிறது. ஒரு தாய்க்குப் பதினொரு பிள்ளைகள், மற்றொருத்திக்குப் பதினான்கு. இத்தொகையைக் கண்டு வியக்காதவர் இலர். வியப்போடு நின்றுவிடலாமா, அன்றி அத்தொகையினுள் நாம் அறியவேண்டிய வேறு செய்தி உண்டா என்பதே இப்பேச்சின் பொருள்.

பெங்களூரிலுள்ள ரிச்சர்ட்ஸ் டவுனை எடுத்துக்கொள்வோம். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் ஒரு படைமுகாம் அமைத்தனர். மக்கள் அதனைத் தண்டு என்று வழங்கினர். தண்டு மாரியம்மன் கோயிலின் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. சென்னை மாகாணப் படையைத் தொடர்ந்து தமிழர் பலர் அங்கே குடியேறினர். சிப்பாய்களும், வணிகரும், ஒப்பந்தக்காரரும், கொத்தர்களும், சமையற்காரரும் அவர்களுள் இருந்தனர். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் பெருகின. 1881-இல் மைசூர் நாடு மன்னர் மரபினர்க்குத் திருப்பி அளிக்கப்பட்ட பின்னரும், தண்டுப் பகுதி மட்டும் 1947 வரை பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆளுகையிலேயே இருந்தது.

1898 ஆகஸ்டில் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியது. 1891-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நகரிலும் தண்டிலுமாக 1,80,366 பேர் வாழ்ந்தனர். 1901-இல் அத்தொகை 1,59,046 ஆகக் குறைந்தது. தண்டுப் பகுதியில் மட்டும் 1,00,081 பேர் 89,599 ஆயினர். மாண்டவர் பலர், அஞ்சி ஊரைவிட்டு அகன்றவரும் பலர். காற்றும் வெளிச்சமும் புகாத சந்துகளில் மக்களை நெருக்கி வைத்தல் தகாது என்ற பாடத்தை அதிகாரிகள் கற்றுக்கொண்டனர். அதன் பயனாகப் பிரேசர் டவுன், குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் முதலிய புதுப் பேட்டைகள் அகன்ற தெருக்களோடும் பூங்காக்களோடும் எழுந்தன. ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பெயர் தந்த எப். ஜே. ரிச்சர்ட்ஸ், தண்டுப் பகுதியின் கலெக்டராக இருந்தவர்; வரலாற்று ஆர்வலருங்கூட. பெங்களூர் மிதிக் சொசைட்டி 1909-இல் தோன்றியபோது அதன் முதல் தலைவராக விளங்கியவரும், 1918-இல் வெளிவந்த சேலம் மாவட்ட விவரச் சுவடியை எழுதியவரும் அவரே.

இத்தகைய பேட்டைகளில் வாழ்ந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்று இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா என்று பல நாடுகளில் பரவியுள்ளனர். தம் முன்னோர் யார், எங்கிருந்து வந்தனர் என்று அறியும் விருப்பம் அவர்களுக்கு உண்டு. கிறித்தவக் குடும்பங்களாயின், தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடும், திருமணப் பதிவேடும், அடக்கப் பதிவேடும் துணை செய்கின்றன. சென்னை மாகாணத் தேவாலயங்களிலிருந்து அனுப்பப்பெற்ற பதிவுப் படிகள் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. இந்துக் குடும்பங்களாயின், பெட்டியடியில் கிடக்கும் ஜாதகக் கட்டும், பாகப்பிரிவினைப் பத்திரமும், உயிலும், பள்ளிச் சேர்க்கை ஏடும், சிப்பாயின் ஓய்வூதியச் சீட்டுமே சான்றுகள்.

இச்சான்றுகள் ஒரே வகையாகப் பேசுவதில்லை என்பதை முதலில் உணர்தல் வேண்டும். தேவாலயப் பதிவேடு, பிறந்து சில நாளே வாழ்ந்த குழவிக்கும் ஒரு வரி கொடுக்கும். பாகப்பிரிவினைப் பத்திரமோ, சொத்தில் பங்கு பெற உயிரோடிருந்தவர்களை மட்டுமே குறிக்கும். பழைய பத்திரங்களில் பெண்மக்களின் பெயர் பெரும்பாலும் இராது. இந்துக் குடும்பங்களில் இறந்த சிசுவைப் புதைத்துவிடுவதே பெரும்பான்மை வழக்கம். அதற்கு ஆண்டுதோறும் திதி இல்லை. நீர்க்கடனில் சொல்லப்படுவன தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறைப் பெயர்களே. ஆகவே ஒரே தெருவில் வாழ்ந்த இரு குடும்பங்களுள் ஒன்று பெரியதாகவும் மற்றொன்று சிறியதாகவும் தோன்றலாம். உண்மையில் இரு தாய்மாரும் ஒரே அளவு பிள்ளைகளைப் பெற்றிருக்கக்கூடும். ஒரு வீட்டில் இறந்தவரையும் எழுதி வைத்தனர். மற்றொரு வீட்டில் எழுதவில்லை. வேறுபாடு அவ்வளவே.

நாடறிந்த குடும்பங்கள் சிலவற்றை நோக்கினால் இது தெளிவாகும். டாக்டர் அம்பேத்கர் 1891-இல், பெங்களூர்த் தண்டு போன்றதொரு படைமுகாம் ஊராகிய மவ் நகரில் பிறந்தார். அவர் தம் பெற்றோர்க்குப் பதினான்காம் குழந்தை. அப்பதினால்வருள் உயிர் பிழைத்தவர் அவரோடு ஐவரே. தாஜ்மகாலில் துயிலும் மும்தாஜ் மகால் பதினான்கு மக்களைப் பெற்றார், எழுவரே வளர்ந்தனர். பதினான்காம் பேற்றின்போது, 1631-இல், புர்கான்பூரில் அவ்வரசி உயிர் நீத்தார். பேரரசனின் மாளிகையும் பிள்ளைகளைக் காக்கவில்லை, தாயையும் காக்கவில்லை. ஜெர்மனியின் இசை மேதை பாக்குக்குப் பிறந்த மக்கள் இருபதின்மர், ஆளானவர் பதின்மர். அவர்களும் இரு மனைவியர் வயிற்றில் பிறந்தவர்கள். நம் குடும்ப ஏடுகளிலும், வியக்கத்தக்க தொகைக்குப் பின்னால் இரு தாய்மார் நிற்பது அரிதன்று. முதல் மனைவி மகப்பேற்றில் இறக்க, கணவன் மறுமணம் செய்துகொள்வான். பட்டியலில் தந்தை ஒருவனே, தாய் மாறியிருப்பாள்.

எல்லாப் பெரிய குடும்பமும் துயரக் கதை என்று கொள்ள வேண்டா. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1897-இல் கட்டாக் நகரில், பதினான்கு மக்களைக் கொண்ட குடும்பத்தில் ஒன்பதாமவராகப் பிறந்தார். 1965 முதல் 1967 வரை மைசூர் மாநில ஆளுநராகப் பெங்களூரில் வாழ்ந்து, 1969-இல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வி. வி. கிரிக்கும் பதினான்கு மக்கள். தாயும் மகளும் ஒரே காலத்தில் சூல் கொண்டு, மருமகனைவிட இளைய தாய்மாமன் பிறப்பதும் அக்காலத்து வீடுகளில் அறியாத செய்தியன்று.

சான்றுகளில் பெயரே காணாத பிள்ளைகளை எங்ஙனம் கண்டறிவது? இடைவெளியை நோக்க வேண்டும். கணித மேதை இராமானுஜன் 1887-இல் பிறந்தார். அவருடைய தம்பி இலட்சுமி நரசிம்மன் பிறந்தது 1898-இல். இருவருக்கும் இடையே பதினொரு ஆண்டு. அவ்விடைவெளி வெற்றிடமன்று. அக்காலத்துள் மூன்று குழந்தைகள் பிறந்து, ஓராண்டும் நிரம்பாமல் மறைந்தன. உடன்பிறந்தோர் இருவரின் வயதுக்கிடையே ஐந்தாறு ஆண்டு இடைவெளி கண்டால், அங்கே ஒரு தொட்டில் வெறுமையாகி இருக்கலாம் என்று ஐயுறுதல் தகும்.

பெயர்களும் சான்று பகரும். பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், பின் பிறந்த குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்புசாமி என்றும் குப்பம்மாள் என்றும் பெயரிடுவர். பிச்சை என்றும் பெயரிடுவர். தவிட்டுக்கு விற்று வாங்குவதும் உண்டு. காலன் கண்ணுக்கு அக்குழந்தை விலையற்றதாகத் தோன்றட்டும் என்பது பெற்றோர் கருத்து. குடும்ப வரிசையில் குப்புசாமி என்ற பெயர் வந்தால், அவருக்கு முன் பிறந்தவர் யார் என்று வினவுக. பெற்றோரின் அச்சமே அங்கே பெயராக நிற்கிறது.

இத்தனை பேறுகள் நேர்ந்ததற்குக் காரணம் யாது? பெண்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மணம் முடித்தல் அக்காலத்தில் பல குடும்பங்களின் வழக்கம். பெண்ணின் மணவயதைப் பதினான்கு என வரையறுத்த சாரதா சட்டமே 1929-இல்தான் பிறந்தது. தாய் பாலூட்டும் காலத்தில் அடுத்த கரு எளிதில் தங்குவதில்லை. ஆதலின் பேறுகளுக்கிடையே இயல்பாகவே இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி அமையும். குழந்தை இறந்துவிட்டாலோ பாலூட்டல் நின்றுவிடும். விரைவிலேயே அடுத்த கரு உண்டாகும். ஆகவே சாவே பிறப்பை விரைவுபடுத்தியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் ஆயிரம் சிசுக்களுள் இருநூற்றுக்கு மேற்பட்டவை ஓராண்டுக்குள் இறந்தன என்பதை இதனோடு இணைத்து எண்ணுக. தொட்டில் நிறைந்ததும் ஒழிந்ததும் ஒரே சக்கரத்தின் சுழற்சி.

இந்நிலை மாறிய வரலாற்றில் பெங்களூர்க்கும் இடமுண்டு. 1930-இல் மைசூர் அரசாங்கம் கருத்தடை ஆலோசனை நிலையங்களைத் திறந்தது. ஓர் அரசாங்கமே முன்வந்து இப்பணியை ஏற்றது உலகில் அதுவே முதன்முறை என்பர். அப்போது ரிச்சர்ட்ஸ் டவுன் மைசூர் மன்னரின் ஆளுகைக்கு உட்பட்டதன்று. ஆயினும் சில கல் தொலைவிலேயே புதுக்காலம் தொடங்கிவிட்டது. 1952-இல் இந்திய அரசு குடும்ப நலத் திட்டத்தை நாடு முழுவதற்குமாகத் தொடங்கியது. அம்மையும் பிளேக்கும் அடங்கின. தடுப்பூசி வந்தது, மகப்பேற்று மருத்துவம் வளர்ந்தது, பெண்கள் பள்ளிக்குச் சென்றனர். பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வேரூன்றவே, பல பிள்ளைகள் வேண்டும் என்ற எண்ணமும் தளர்ந்தது. 2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் மக்களின் சராசரி கர்நாடகத்தில் 1.7, தமிழ்நாட்டில் 1.8. பதினான்கு என்னும் தொகை நமக்கு இன்று விந்தையாகப் படுவதற்கு இம்மாற்றமே காரணம்.

நேயர்களே, குடும்ப வரலாறு எழுதப் புகுவோர்க்கு இறுதியாகச் சில சொற்கள். பிள்ளைகளின் தொகையைப் பெருமையாக எழுதுவதற்கு முன்னர், அவர்களுள் எத்தனை பேர் வளர்ந்தனர் என்பதையும் எழுதுங்கள். பெயர் சூட்டும் நாள் வரை வாழாத குழந்தைக்கும் பட்டியலில் ஓர் இடம் விடுங்கள். வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்கும்போது, "உங்கள் உடன்பிறந்தோர் எத்தனை பேர்?" என்று மட்டும் கேளாதீர்கள். "உங்கள் தாய் எத்தனை முறை கருவுற்றார்?" என்றும் மெல்லக் கேளுங்கள். இரு வினாக்களுக்கும் விடை வேறுவேறாக இருக்கும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, அத்தாயின் பெயரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். தந்தையின் பெயரைத் தலையெழுத்தாகத் தாங்கி வருவது தமிழர் வழக்கம். ஆதலின் தந்தை பெயர் அழிவதில்லை. பதினான்கு முறை தன் உயிரைப் பணயம் வைத்தவளோ, பல குடும்ப வரிசைகளில் "இன்னாரின் மனைவி" என்ற அளவில் நின்றுவிடுகிறாள். பழைய ஜாதகத்தின் ஓரத்திலோ, ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒரு கட்டத்திலோ, கல்லறைக் கல்லொன்றிலோ அப்பெயர் இருக்கக்கூடும். அதனைக் கண்டெடுத்துப் பிள்ளைகளின் பட்டியலுக்கு மேலே எழுதி வைப்பது, பெற்றவளுக்குப் பேரப்பிள்ளைகள் செலுத்த வேண்டிய கடனாகும்.