20க்கு 21

1947 நவம்பர் 29 என்றதும் 33க்கு 13 என்ற கணக்குதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். பாலஸ்தீனத்தை இரண்டாகப் பிரிக்கலாம் என்று ஐ.நா. பொதுச்சபை சொன்ன நாள் அது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஐந்து நாள் முன்னால் நடந்த இன்னொரு வாக்கெடுப்பு. அதை யாரும் பெருசாகப் பேசுவதில்லை.

அங்கே குடியிருப்பவர்களின் சம்மதம் இல்லாமல் ஒரு திட்டத்தை அவர்கள்மேல் திணிக்க ஐ.நா.வுக்கு அதிகாரம் இருக்கா? சர்வதேச நீதிமன்றத்தைக் கேட்டுவிட்டு மேலே போவோம் என்றது அரபுத் தரப்பு. சிறப்புக் குழுவில் ஆதரவு 20, எதிர்ப்பு 21. ஒரே ஓட்டில் கேள்வி செத்தது.

கேள்வி சும்மா வந்ததில்லை. உலகப்போரில் ஒட்டோமான் ஆட்சியிடமிருந்து பிரிந்த மக்களைச் சுதந்திர நாடுகளாகத் தற்காலிகமாக அங்கீகரிக்கலாம் என்றது சர்வதேச சங்கச் சாசனத்தின் 22ஆம் பிரிவு. ஈராக்குக்கு 1932இல் விடுதலை வந்தது. பாலஸ்தீனத்தின் வழியில் மட்டும் பால்ஃபர் பிரகடனம் நின்றது. 1917இல் வந்த அந்தக் கடிதத்தில் அரபு என்ற சொல்லே கிடையாது. மக்கள்தொகையில் பெரும்பகுதியாக இருந்தவர்கள் அதில் 'யூதரல்லாத சமூகங்கள்'. அவர்களுக்குச் சிவில் உரிமை, மத உரிமை உண்டு. அரசியல் உரிமை பற்றிப் பேச்சே இல்லை. 1922 ஆணையும் இதையே சுமந்தது, கூடவே யூதர்களின் வரலாற்றுத் தொடர்பையும் அங்கீகரித்தது.

அதுக்காக யூதர் கோரிக்கையை வெறும் காலனியக் காகிதம் என்று தள்ளிவிட முடியாது. 1947 ஜூலையில் எக்சோடஸ் கப்பலில் வந்த சுமார் 4,500 பேரைப் பிரிட்டன் திருப்பி அனுப்பியது. கடைசியில் அவர்களை இறக்கிவிட்ட இடம் ஜெர்மனி! முகாம்களில் கிடந்தவர்களிடம் போய் 22ஆம் பிரிவைப் படித்துக் காட்டவா முடியும்? ஆனா கடன் ஐரோப்பாவுடையது, அடைத்தது வேறொருவர் நிலம். அரபு உயர் குழு ஐ.நா. விசாரணைக் குழுவைப் புறக்கணித்ததும், என் பார்வையில், தன் வாதத்தைத் தானே வெளியே நிறுத்திய காரியம்.

அந்தப் பதினோரு நாட்டுக் குழுவில் இந்தியாவுக்காக உட்கார்ந்தவர் நீதிபதி சர் அப்துர் ரஹ்மான். தன் நாடு பிளந்துகொண்டிருந்த அதே ஆகஸ்டில்தான் குழுவின் அறிக்கை முடிந்தது. இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா மூன்றும் கூட்டாட்சி கேட்டன. இரு தரப்புமே அதை ஏற்கவில்லை.

2004இல் சுவர் வழக்கில் பாலஸ்தீன மக்களின் சுயநிர்ணய உரிமையை நீதிமன்றம் உறுதிசெய்தது. 2024 ஜூலையில் இஸ்ரேல் அங்கே தொடர்ந்து இருப்பதே சட்டவிரோதம் என்றது. இரண்டிலும் பேசப்பட்டது 1967இல் பிடித்த நிலம். 1947இன் கேள்வி நீதிமன்றத்துக்குப் போகவே இல்லை.