மருத்துவமனையில் நூலகர்

நோயாளியின் உயிரைக் காப்போர் யாவர் என்று வினவினால், மருத்துவர், தாதி, மருந்தாளர் என்று விடை கூறுவோம். அவ்வரிசையில் நூலகரையும் சேர்த்தல் வேண்டும் என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். ஆயினும் வரலாற்றை நோக்குவோர்க்கு அதன் நியாயம் புலனாகும்.

1865-ஆம் ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிவுற்ற காலத்தில், ராணுவ மருத்துவத் தலைமை அலுவலகத்தைச் சார்ந்த ஒரு சிறு நூலகத்தின் பொறுப்பு, ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற மருத்துவரிடம் வந்தது. எந்த நோயைப் பற்றி எந்த ஏட்டில் யார் எழுதினார் என்று அறிய வழியின்றி மருத்துவர்கள் இடர்ப்படுவதை அவர் உணர்ந்தார். ராபர்ட் பிளெச்சரின் துணையுடன் 1879-ல் 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்னும் மாத அட்டவணையைத் தொடங்கினார். அப்பணி 1964-ல் கணிப்பொறியின் துணையைப் பெற்றது; 1971-ல் தொலைவிலிருந்தே தேடத்தக்க 'மெட்லைன்' ஆயிற்று; 1997-ல் 'பப்மெட்' என்ற பெயரில் எல்லோர்க்கும் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டது.

1970-களின் தொடக்கத்தில், கான்ஸாஸ் நகர மருத்துவக் கல்லூரியில் கெர்ட்ரூட் லாம் என்ற நூலகர் ஒரு புது முறையைக் கண்டார். மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்வையிடச் செல்லுகையில் நூலகரும் உடன் செல்வார். எழுகின்ற ஐயங்களைக் குறித்துக்கொண்டு, உரிய கட்டுரைகளைத் தேடி மருத்துவர் கையில் சேர்ப்பார். 'சான்று சார்ந்த மருத்துவம்' என்ற கொள்கை பரவத் தொடங்கிய 1992-ல், ராச்செஸ்டர் வட்டாரத்து மருத்துவர் 208 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று வெளியாயிற்று. நூலகம் தந்த தகவலால் சிகிச்சையின் ஏதேனும் ஒரு கூற்றை மாற்றியிருக்கலாம் அல்லது உறுதியாக மாற்றியதாக, அவருள் 80 சதவீதத்தினர் கூறினர்.

தேடலில் குறை நேர்ந்தால் விளைவது யாது? 2001-ல் பால்டிமோர் நகரில், ஆஸ்துமா ஆராய்ச்சிக்காக, 'ஹெக்ஸாமெத்தோனியம்' என்ற மருந்தைச் சுவாசித்த 24 வயதுப் பெண்ணொருத்தி நுரையீரல் பழுதுற்று இறந்தாள். அவள் நோயாளி அல்லள். தானே முன்வந்த ஆரோக்கியமான தொண்டர். ஆராய்ச்சியாளர் கணிப்பொறி அட்டவணையைத் தேடாமலில்லை. ஆனால் அஃது அன்று 1966-க்குப் பிற்பட்ட கட்டுரைகளையே பெரும்பாலும் காட்டியது. அம்மருந்தால் நுரையீரலுக்கு நேரும் தீங்கை உணர்த்திய 1950-களின் கட்டுரைகள், பழைய அச்சு அட்டவணைகளின் வழியே எட்டக்கூடியனவாய் நூலக அடுக்குகளில் இருந்தன. எங்கே தேட வேண்டும் என்பதைப் போலவே, தேடும் கருவி எதைக் காட்டாது என்பதையும் அறிந்தவரே நூலகர்.

வாசகரின் காலத்தைக் காத்தலை நூலக விதிகளுள் ஒன்றாக, 1931-ல் சென்னையில் வெளியான தம் நூலில் எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்தார். மருத்துவமனையில் அவ்வாறு காக்கப்படும் காலம், மருத்துவருடையது மட்டுமன்று; நோயாளியின் ஆயுளும் அதில் அடங்கியுள்ளது. ஆகவே மருத்துவமனைக்கு நிதி ஒதுக்குவோர், கட்டடத்துக்கும் கருவிக்கும் அடுத்தபடியாக, தேர்ந்த நூலகர் ஒருவரையும் மனத்திற் கொள்வாராக.