பீரூனியின் நீர்க்கலமும் உலோகங்களின் நிறையும்

அல்-ஹதீத் அத்தியாயத்தின் 25ஆம் வசனத்தில் இரும்பும் துலாக்கோலும் ஒருங்கே குறிப்பிடப்பெறுகின்றன. துலாக்கோலைக் கொண்டு உலோகங்களின் இயல்பை ஆராய்ந்த முஸ்லிம் அறிஞர்களுள் தலையாயவர், கி.பி. 973இல் குவாரிஸ்மில் பிறந்த அபூ ரைஹான் அல்-பீரூனி.

அவர் கையாண்ட கருவி எளியது. கூம்பு வடிவக் கலம், குறுகிய கழுத்து, பக்கவாட்டில் வளைந்த குழாய். நீர் நிறைந்த கலத்தில் 100 மிஸ்கால் நிறையுள்ள உலோகத்தை இட்டு, குழாய்வழி வெளியேறும் நீரை அவர் நிறுத்தார். பொன் வெளியேற்றிய நீர் 5.25 மிஸ்கால். அதாவது, பொன்னின் ஒப்படர்த்தி 19.05, இன்றைய அளவு 19.3. ஈயத்திற்கு 11.32 கிடைத்தது; இன்று 11.34. செம்பில் மட்டும் சற்றே பிசகு: 8.66, இன்று 8.96. வார்ப்பினுள் தங்கிய காற்றோ, கலப்போ காரணமாகலாம். ஆயிரமாண்டுகளுக்கு முன், தசம பின்னமின்றி, தானிக், தஸ்ஸூஜ் என்னும் சிற்றளவைகளால் நிறுத்துப் பெற்ற முடிவுகள் இவை என்பதை மறக்கலாகாது.

இவ்வளவைகளை நமக்குப் பாதுகாத்துத் தந்தவர், அடிமையாயிருந்து விடுதலை பெற்ற மர்வ் நகரத்து அறிஞர் அல்-காஸினி. ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121-22) அவர் எழுதிய 'மீஸானுல் ஹிக்மா' நீதியைப் பற்றிய பேச்சோடு தொடங்குகிறது. பொன்னில் வெள்ளி கலந்து விற்பவனை உருக்காமலும் உரசாமலும் கண்டுபிடிப்பதே அவருடைய ஐந்து தட்டுத் தராசின் பயன்களுள் முதன்மையானது. 1859-60 அளவில் கானிகோஃப் என்னும் ரஷ்யத் தூதர் அந்நூலின் பகுதிகளை வெளியிட்ட பிறகே மேலைநாட்டார் இதை விரிவாக அறிந்தனர்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தனிம அட்டவணையையே நம் முன்னோர் கண்டனர் என்று நம்மவர் சிலர் மேடையில் முழங்குவதுண்டு. அது பிழை, பீரூனிக்கும் அது புகழ் சேர்க்காது. அவருடைய பட்டியலில் செம்பு, வெள்ளி, பொன் என அடர்த்தி ஏறிச் செல்வதும், வெள்ளீயத்தின் 7.32 காரீயத்தில் 11.32 ஆவதும் உண்மையே. இவ்விரு வரிசைகளும் இன்றைய அட்டவணையில் மேலிருந்து கீழாக ஒரே நிரலில் அமைகின்றன. ஆயினும் அவற்றை ஒரே குடும்பமெனப் பீரூனி கருதியிருக்க வழியில்லை. அணுநிறை என்னும் கருத்தே அன்று இல்லை. சோடியமும் பொட்டாசியமும் 1807இல்தான் பிரித்தெடுக்கப்பட்டன. 1870இல் லோதர் மேயர் அணுநிறையை அடர்த்தியால் வகுத்து வரைபடமிட்டபோது, ஏறியும் இறங்கியும் மீண்டும் வரும் ஒழுங்கு புலப்பட்டது. அதன் சிகரங்களில் நின்றவை அந்தக் கார உலோகங்களே. மேயருக்குத் தேவைப்பட்ட இரு எண்களுள் ஒன்றைத் தம் காலத்தில் அறிந்த உலோகங்களுக்குப் பீரூனி நிறுத்து வைத்திருந்தார். மற்றொன்று எவரிடமும் இருக்கவில்லை.